பரங்கிக்கு உடன்பிறந்த காய்

முப்பது வருஷம் தாவரவியல் வாத்தியாராக இருந்து வாய் ஓயாமல் பேசிய சம்பத்குமாருக்கு, பேசியே ஆகவேண்டிய அந்த ஒரு நாளில் வாய் அடைத்துப்போனது. எதற்காக? ஒரு கிண்ணம் புளிக்குழம்புக்காக. வெட்கக்கேடு!

இரண்டாயிரத்து ஒன்றில் மகன் ராமானுஜ் அமெரிக்காவிலிருந்து மனைவி ஸுபத்ராவோடு சின்னக் காஞ்சிபுரத்துக்கு வந்தான். இரண்டு மாத லீவு. ஒத்துப்போனால் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடுவதாகப் பேச்சு. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஸுபத்ரா, வந்த மறுநாளே கிணற்றடியில் சுக்கினி விதை ஊன்றினாள்.

"இது எந்த ஊர்க் காய்ப்பா?" என்று அவள் கேட்டபோது மாமனார் உற்சாகமாகத்தான் சொன்னார். மெக்ஸிகோ பக்கத்துப் பூசணி ஒன்று கடல் கடந்து இத்தாலி போய், பிஞ்சாகப் பறிக்கிற இந்த நீளக் காயாக மாறியதாம். நம் பரங்கிக்கும் அமெரிக்காதான் பூர்வீகம், இரண்டும் கூடப்பிறந்த மாதிரி என்றார்.

"அப்போ பரங்கி மாதிரி இதுவும் பெருமாளுக்கு ஆகுமே!" என்று குதித்தாள். இவரும் தலையாட்டினார்.

நாற்பத்தைந்தாம் நாள் காய் வந்தது. ஸுபத்ரா தலைக்கு ஊற்றிக்கொண்டு மடியாக வந்து, தோல் சீவாமல் நறுக்கி, பயத்தம்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் மிளகும் சீரகமும் அரைத்துவிட்டுக் கூட்டு பண்ணினாள். காயே தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். பாவம், முகமெல்லாம் பெருமை.

கோவிலிலிருந்து திரும்பிய மாமியார் ஹேமாம்புஜம் பாத்திரத்தைத் திறந்தாள். முட்டைக்கோஸைக்கூட அண்டவிடாத அடுப்படி அது.

"இதென்னடி சீமைக்காய், பெருமாள் தளிகைல?"

"பரங்கி வம்சம்தாம்மா. அப்பாதான் சொன்னார், கேளுங்கோ."

"அப்படியா, ஏன்னா?" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் சம்பத்குமாருக்கு உயிர். ஆமாம் என்று சொன்னால் இவள் சுக்கினியை உள்ளே விடுவதற்குப் பதில் பரங்கியையும் சேர்த்து வெளியே துரத்திவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"என்னமோ, எனக்கென்ன தெரியும்?" என்று பேப்பரைப் பிரித்தார்.

கூட்டு மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஸுபத்ரா மாமனாரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள். அடுத்த வாரமே கிளம்பிவிட்டார்கள். சென்னை வேலைப் பேச்சும் அதோடு சரி.

ஏழு வருஷம் ஓடியது. பேத்தி பிறந்தாள், போட்டோவில் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தார் சம்பத்குமார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் போனது. குழம்பு மட்டும் தவறாமல் இலையில் விழுந்தது, தொண்டையில்தான் இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஹேமாம்புஜம் டிவி முன்னாலிருந்து எழுந்து வந்தாள்.

"ஏன்னா, சுக்கினியும் பரங்கியும் ஒரே வம்சம்னு சமையல் நிகழ்ச்சில சொல்றாளே, நெஜமா?"

"நெஜம்தான். அன்னிக்கே தெரியும். பரங்கியையும் நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலம் காலமா பெருமாள் கண்டருளின காயை நான் நிறுத்துவேனா? இதையும் சேத்துப் பண்ணுடின்னு சொல்லியிருப்பேனே. அவ உங்க பேரைச் சொல்லிப் பொய் சொல்றான்னு இல்ல நெனச்சேன்! அந்தப் பொண்ணு ஒரு வருஷம் வாராவாரம் போன் பண்ணி 'அம்மா'ன்னு கூப்பிட்டா. கூப்பிட்டப்பல்லாம் ரிசீவரைக் கீழ வெச்சேனே நான்."