ஈரச்சுவரின் வெளிவராத பாடல்கள்

வெளிவராத பாடல்களுக்கு வயதாகும். வெளிவந்தவை வெளிவந்த அன்றைக்கு என்ன வயதோ அதிலேயே நின்றுவிடும். எங்கள் ‘ஈரச்சுவர்’ இசைக்குழு போட்ட ஒரே கேசட்டில் நான் இன்றும் இளைஞன்தான். எதன்மீது என்றே தெரியாத ஒரு கோபத்தோடு கிடார் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஜெசிந்தா வீட்டு பிஸ்கட் டப்பாவில் கிடந்த மற்ற டேப்புகளில் எனக்கு மூட்டுவலி வந்துவிட்டது. ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போவதற்கு முன் நான் பெருமூச்சு விடுவது அவற்றில் நன்றாகவே கேட்கும்.

நாங்கள் நால்வர். நான் தணிகாசலம், கிடார். முனவர், டிரம்ஸ். ஜெசிந்தா பாடுவாள். அவள் கணவன் டெரிக், பேஸ் கிடார். எண்பதுகளில் பெரம்பூரில் போஸ்ட்-பங்க் என்ற ராக் வகையை வாசித்தது நாங்கள் மட்டும்தான். வாசியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த இசையில் கிடார் அதிகம் பேசாது. அவ்வப்போது முணுமுணுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பேஸ்தான் முன்னால் நடக்கும், மற்றவர்கள் பின்னால் போக வேண்டும். டெரிக் நடக்க மாட்டான், ஓடுவான். நாங்கள் மூச்சுவாங்கப் பின்னால் ஓடுவோம்.

முனவரின் மாமாவுக்கு அயனாவரத்தில் மிளகாய் மில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை என்பதால் அங்கேதான் ஒத்திகை, பதிவு எல்லாம். மெஷின் ஓடாவிட்டாலும் பொடி அங்கேயே குடியிருக்கும். டெரிக்கின் பேஸ் கம்பிகளில் படிந்து அவன் விரல்கள் எப்போதும் சிவந்திருக்கும். அவனுக்கு அந்தப் பொடி ஆகவே ஆகாது. அவன் தும்மி முடிக்கட்டும் என்று முதலில் காத்திருந்தோம். பிறகு அவன் தும்மினால்தான் பாட்டு தொடங்கும் என்று ஆகிவிட்டது. மற்ற குழுக்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். எங்களுக்கு டெரிக்கின் தும்மல். ஜெசிந்தா மட்டும் குரல் கெட்டுவிடக்கூடாது என்று ஈரக் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்வாள். தும்மல் கேட்டதும் அவிழ்த்துவிட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் மறுபடி கட்டிக்கொள்வாள். அந்த மில்லில் அவள் ஒருமுறைகூடத் தும்மியதில்லை.

கல்யாணமாகி ஒரே ஒரு மழைக்காலம்தான் இருவரும் சேர்ந்து இருந்தார்கள். அது முடிவதற்குள் டெரிக்குக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிறகு அவன் இல்லை. குழுவும் இல்லை.

இப்போது கீழ்ப்பாக்கத்தில் ஆதிரை என்ற பெண் பழைய பதிவுகளைத் தேடிப்பிடித்து இசைத்தட்டாக வெளியிடுகிறார். எங்கள் வெளிவராத பாடல்களை ஒரு தொகுப்பாகப் போடலாம் என்று அவர் கேட்டபோது நான் கூச்சப்பட்டேன், முனவர் உடனே முடிக்குச் சாயம் பூசிக்கொண்டான். ஜெசிந்தாவுக்கு மட்டும் வேறு அவசரம் இருந்தது. அவளுடைய வலது காது போய்விட்டது. இடது காது போய்க்கொண்டிருந்தது. டெரிக் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுதான் பாடியிருக்கிறான். ‘மாடியில் யாரோ’ என்று பெயர். காமாலை வருவதற்கு முன் கடைசியாகப் பதிவு செய்தது. அவன் போன புதிதில் அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. தைரியம் வந்தபோது அந்த டேப்பில் பாட்டு தொடங்குவது நின்றுபோயிருந்தது; டெரிக் இல்லாமல் நாங்கள் மூவரும் காத்திருக்கும் சத்தம் மட்டும்தான் வந்தது.

“காது மூடறதுக்குள்ள ஒரு தடவ கேட்டுட்டாப் போதும், தணிகை,” என்றாள்.

ஆதிரையின் ஸ்டுடியோவில் டேப்பை ஓடவிட்டோம். நாற்காலி கிறீச்சிட்டது. டேப்பில் இருந்த முனவர் முதுகைச் சொறிந்தான். நான் பெருமூச்சு விட்டேன். மணி என்ன ஆச்சு என்று ஜெசிந்தா கேட்டாள். அவள் குரலும் நரைத்திருந்தது.

“பாட்டு எப்ப சார் ஆரம்பிக்கும்?” என்றார் ஆதிரை.

“டெரிக் தும்மினா ஆரம்பிச்சிரும்மா.”

“அவர்தான் இல்லையே.”

“இல்ல. அதான் காத்துட்டிருக்கோம்.”

ஆதிரை தலையசைத்தார். வெளிவந்த கேசட்டிலிருந்து டெரிக்கின் தும்மல் ஒன்றை வெட்டியெடுத்து இந்த டேப்பின் முன்னால் ஒட்டினார். நல்ல தும்மல்தான். ஆனால் டேப்பில் இருந்த முனவர், “யாருப்பா அந்தப் பையன்?” என்று கேட்டான். மூவரும் மறுபடி காத்திருக்கத் தொடங்கினார்கள். வெளிவந்த தும்மல் முடிந்துபோன தும்மல், அது இன்னொன்றைத் தொடங்கிவைக்காது என்று சொல்லி ஆதிரை அதை அழித்துவிட்டார்.

அடுத்து நிஜ முனவர் மூக்குப்பொடி வாங்கிவந்து, டேப்பின் பக்கத்தில் நின்று, ஸ்டுடியோவே அதிரும்படி தும்மினான். டேப்பில் ஜெசிந்தா சொன்னாள்: “முனவர், நீ டிரம்ஸைப் பாரு.”

முனவரின் முகம் விழுந்துவிட்டது. “அவ சொல்றதும் சரிதான்,” என்று பொடி மட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறவன்போலச் சொன்னான்: “செத்தவங்க எதையும் ஆரம்பிச்சு வைக்க மாட்டாங்க. நாம ஆரம்பிச்சா வந்து சேந்துப்பாங்க. எங்கப்பா கேரம்போர்டுக்கு அப்படித்தான் வர்றாரு.”

நாங்கள் சொன்னதில் பாதிதான் ஜெசிந்தாவுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் எழுந்து டேப்பைக் கைப்பையில் வைத்தாள். “மில்லுக்குப் போலாம்,” என்றாள்.

மில்லை இப்போது முனவரின் மாமா மகன் நடத்துகிறான். வேலை நாளில், மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போனோம். வரிசையில் சம்படங்களோடு நின்றவர்கள் எங்களுக்கு இடம் விட்டார்கள். டேப் ரெக்கார்டரை ஒரு மிளகாய் மூட்டைமேல் வைத்தேன். பழக்கதோஷம், ஜெசிந்தா வாசலில் குழாயைத் திறந்து கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள்.

நான் தும்மினேன். ஆதிரை தும்மினார். முனவர் தும்மிவிட்டு, டேப்புக்குக் கேட்டுவிட்டதோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டான். டேப்பில் மூவரும் அசையவில்லை. மஞ்சளும் மல்லியும் கலந்து அரைக்கக் கொடுத்திருந்த ஒரு அம்மாள், “இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். இடது காதை ஒலிபெருக்கியில் ஒட்டிவைத்துக் குனிந்திருந்த ஜெசிந்தாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அவள் கேட்கப்போவது எங்கள் மூவரின் மூச்சுச் சத்தத்தைத்தானா என்று தோன்றியது.

அப்போது அவள் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். டேப்பில் இருந்த ஜெசிந்தாவும் அவிழ்த்தாள். ஈரத்துணி விலகுகிற சத்தம் கேட்டது.

மூட்டையருகே இருந்தவளிடமிருந்து இரண்டு சின்ன இழுப்பு. பிறகு டிரங்குப் பெட்டியை அறைந்து மூடியதுபோல ஒரு தும்மல். அது டெரிக்கின் தும்மல். அச்சு அசல். ஒரே அறையில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்குத் தும்மல் ஒட்டிக்கொள்ளும். அவள் அதை இத்தனை நாளும் அடக்கியே வைத்திருந்ததால் அதற்கும் எங்களோடு சேர்ந்து வயதாகியிருந்தது.

“அப்பாடா,” என்றான் டேப்பில் முனவர். பாட்டு தொடங்கியது.

முதலில் டிரம்ஸ். பிறகு என் கிடார், பெருமூச்சோடு. பிறகு பேஸ் வந்தது, டெரிக் வந்துவிட்டான். அவனுக்கு வயதாகவில்லை. வழக்கம்போல எடுத்த எடுப்பில் ஓடினான். மூன்று கிழங்களும் பின்தங்கினோம். முனவரின் கை வலித்தது, என் விரல் அடுத்த கம்பியைத் தேடியது. டெரிக் ஒரு கணம் தனியாக முன்னால் ஓடினான். பிறகு, திரும்பிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது, பேஸ் மெதுவானது. நாங்கள் வந்து சேரும்வரை அவன் ஒரே சுரத்தில் நின்றான். எங்கள் வேகம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வேகத்திலேயே பாடத் தொடங்கினான். சாலையில் பெரியவர்களோடு போகும்போது நடையைக் குறைத்துக்கொள்வோமே, அப்படி. வாழ்ந்த நாளெல்லாம் அவன் எங்களுக்காகக் காத்திருந்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

மாடியில் யாரோ நடக்கிறார்கள், நம் வீட்டுக்கு மாடி இல்லை என்று அவன் பாடினான். கடைசி வரியில் ஜெசிந்தா சேர்ந்துகொள்ள வேண்டும். சேர்ந்துகொண்டாள்.

பாட்டு முடிந்ததும் டெரிக் கேட்டான்: “வீட்டுக்குப் போலாமா, ஜெசி?”

“இரு, வரேன்,” என்றாள் ஜெசிந்தா. அது டேப்பில் இருந்தவளா, மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தவளா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மற்றப் பாடல்களுக்கும் அவளே தும்மினாள். ஆதிரை எல்லாவற்றையும் மில்லிலேயே பதிவு செய்தார். பின்னணியில் மெஷின் ஓடுவதும், யாரோ “ரெண்டு கிலோ, காரம் கம்மியா” என்பதும் கேட்கும். எங்கள் இசைக்கு அது ஒன்றும் பாதகமில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோவில் ஜெசிந்தா ஆதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“‘மாடியில் யாரோ’ மட்டும் வேணாம்மா.”

“ஆன்ட்டி, இருக்கிறதிலேயே அரிதான பாட்டு அதுதான்.” ஆதிரை அவள் இடது காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

“அரிதாவே இருக்கட்டும். வெளிய விட்டா நாங்க அங்கேயே நின்னுடுவோம். இப்பதான் அவன் எங்களோட நடக்கக் கத்துக்கிட்டிருக்கான்.”

ஆதிரை தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்கு வருத்தம்தான், முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். தொகுப்பு வெளிவந்தபோது இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில், கடைசியில், அந்தப் பாட்டின் நீளத்துக்கு ஒன்றும் பதியாமல் விட்டிருந்தார். வாங்கியவர்கள் அந்த இடத்தில் ஊசியை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அடுத்த மழைக்காலத்தில் ஜெசிந்தாவின் இடது காதும் மூடிக்கொண்டது. நானும் முனவரும் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்களைக் கண்டதும் அவள் டேப்பை எடுத்து ரெக்கார்டரில் போட்டு ஓடவிட்டாள். சம்படத்தைத் திறந்து ஒரு சிட்டிகை மிளகாய்ப்பொடியை முகர்ந்து தும்மினாள். பிறகு தேநீர் போட அடுப்படிக்குப் போய்விட்டாள். பாட்டு ஓடியது. டெரிக் போனமுறையைவிட இன்னும் மெதுவாக நடந்தான்.

கடைசி வரி நெருங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இது வெளிவராத பாடல். டேப்பில் இருக்கிற ஜெசிந்தாவுக்கும் இப்போது காது கேட்காது. எங்கே சேர்ந்துகொள்வது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முனவரைப் பார்த்தேன். அவனும் தண்ணீர்த் தம்ளரை வாயருகே பிடித்தபடி குடிக்காமல் இருந்தான்.

டேப்பில் பேஸ் ஒரு கணம் நின்றது. துணிமேல் கை வைக்கிற மெல்லிய சத்தம் கேட்டது.

அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் பாலை ஆற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் தோளில் சேலை லேசாக அமுங்கியது. அவள் தலையைத் தூக்கி, சரியான இடத்தில், கடைசி வரியைப் பாடினாள்.

தேநீரோடு வெளியே வந்தபோது அவள் தோளில் நான்கு விரல் அளவுக்குச் சிவப்புப் பொடி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள். அதில் அவளுக்குத் தும்மல் வந்தது. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க, முனவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேஜை விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தான்.