ரோஸ்மெலின் நீட்டிய விரல்

ஹெய்ட்டியின் ஜாக்மெல் சந்தையில் எச்.ஐ.வி. பரிசோதனைக் கூடாரம் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே நுழைந்தவளிடம் எவரும் பொருள் வாங்கமாட்டார்கள் என்னும் அச்சம் வியாபாரப் பெண்களை விலங்கிட்டிருந்தது. சூப் விற்கும் ரோஸ்மெலினோ, தன் சட்டியின் முதல் கரண்டியை நாள்தோறும் வாடிக்கையாளர் முன்னிலையில் தானே குடித்துக் காட்டுபவள். அதே துணிவோடு கூடாரத்து நாற்காலியை வெளியே இழுத்துப்போட்டு அமர்ந்து, எல்லார் கண்முன்னும் நர்ஸிடம் விரலை நீட்டினாள்.

“என்னடி, வியாதி வந்திருச்சா?” என்று மீன்காரி க்ளோதில்ட் சீண்டினாள்.

“அதைப் பாக்கத்தானே விரலைக் குடுக்கறேன்! உனக்கு உம் புருஷன் மேல அவ்வளவு நம்பிக்கையாக்கா?”

சந்தையே சிரித்தது. சற்று நேரத்தில் நர்ஸ் தந்த முடிவுச் சீட்டைப் படித்த ரோஸ்மெலின் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“என்ன போட்டிருக்கு?” என்று க்ளோதில்ட் கேட்டாள்.

“அது எனக்கு மட்டும். எது வந்தாலும் மருந்து இருக்கு. தெரியாமலே பயந்து சாகறவ நான் இல்ல!”

நிமிர்ந்த தலையோடு அவள் அடுப்புக்குத் திரும்பினாள். சூப்புக்கு வாடிக்கையாளர்கள் வழக்கம்போல் வந்து நின்றார்கள். அதைக் கண்ட க்ளோதில்ட், கையைத் துடைத்துக்கொண்டு நர்ஸின் முன்னிருந்த அதே நாற்காலியில் அமர்ந்தாள்.