பதினேழாம் வரிசையில் கோதண்டம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் ஒரு தொழிற்சாலையின் எக்செல் தாளிலிருந்து வந்தது. அதில் நாற்பத்திரண்டு வேலைகள். பதினோரு வேலைகளுக்குப் பொறுப்பு கோதண்டம். எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு வேலை செய்யும் ஒரு பாத்திரத்தை நான் இதுவரை படைத்ததே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தண்டலத்தைத் தாண்டியதும் பொழுது புலர்ந்தது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் கவிப்பிரியா கண் நிறையக் கனவுகளோடு—"

[நிறுத்திவிட்டேன். ஷிஃப்ட் பஸ்ஸில் யாரும் கனவு காண்பதில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள்.]

2

கவிப்பிரியா வாலாஜாபாத்துப் பெண். இரும்பை அழுத்தி வளைக்கும் புது பிரஸ் லைன் போடும் திட்டத்தில் இளநிலைப் பொறியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திட்ட மேலாண்மையின் அடிப்படைகளைக் கற்றுவா என்று அவளை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். மேலே இருப்பவர்கள் யாரும் போகவில்லை. அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

வகுப்பெடுத்தவர் சண்முகசுந்தரம். (அவரை வர்ணிக்க நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். டை கட்டியிருந்தார், போதும்.) திரை முழுக்கக் கட்டமும் அம்புக்குறியுமாக மூன்று நாள் ஓட்டினார். உருப்படியாகச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரு வேலைன்னா ஒரு பேரு, ஒரு தேதி. பேரு இல்லாத வேலை நடக்காது." கவிப்பிரியா அதை எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பாவம், நம்பிவிட்டாள்.

3

திரும்பி வந்து தாளைத் திறந்தவள் நேராகத் திட்ட மேலாளர் பரசுராமனிடம் போனாள்.

"யாரு சார் இந்தக் கோதண்டம்?"

"மெயின்டனன்ஸ்ல இருந்தாரும்மா. வேலைய வுட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"அப்புறம் எதுக்கு சார் அவரு பேரு?"

"பேரு போடலன்னா கட்டம் செவப்பா மாறிடுது. மீட்டிங்ல செவப்பக் காட்டிக்கினு நிக்கச் சொல்றியா? வேலைல கீறவன் பேரப் போட்டா சண்டைக்கு வர்றான். கோதண்டம் இன்னி வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல."

(நான் கட்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னைவிட நன்றாகப் புனைகிறவர்கள் அங்கே மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள்.)

4

பதினேழாம் வரிசைக்கு வருவோம்.

புது பிரஸ்ஸில் கண் மாதிரி ஒரு சென்சார் உண்டு. கை குறுக்கே வந்தால் மெஷின் நின்றுவிடும். துவக்க நாள் பூஜையில் எந்தப் பக்திமானோ சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்தக் கண்ணின் கண்ணாடி மேலேயே அப்பிவிட்டான். டைரக்டர் பட்டனை அழுத்தினார். மெஷின் அசையவில்லை. கண் மறைந்தால் ஓடக்கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அடிப்படை தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

ஒரு துணியை எடுத்துத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவசரத்தில் ஒரு ஒயரைப் போட்டு, சென்சாரையே பைபாஸ் செய்தார்கள்; இனிக் கை குறுக்கே வந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. மெஷின் ஓடியது. கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் தாளில் ஒரு வரி ஏறியது: 'ஒயரை எடுத்துச் சோதிப்பது. பொறுப்பு: கோதண்டம்.' கட்டம் பச்சை.

திங்கள் காலை ஆறு மணி ஷிஃப்டில் அந்த மெஷினில் நிற்கப்போகிறவர் கிளியம்மாள், கான்ட்ராக்ட் தொழிலாளி. சனிக்கிழமை கேன்டீனில் கவிப்பிரியாவின் எதிரே வந்து உட்கார்ந்தார். (பக்கத்து மேசையில் இருந்த ஒருவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.)

"புது மிஷின்ல கைய வுட்டா அதுவே நின்னுடுமாமே பாப்பா? பழசு மாரி பயந்துக்கினே நிக்க வேணாம். நிம்மதியாக் கீது."

கவிப்பிரியா இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் பரசுராமனிடம் ஓடினாள்.

"சோதிக்கணும்னா நாலு மணி நேரம் லைன் நிக்கும். திங்கக்கெழம மொத லோடு போவணும்" என்றார் அவர். "வோணும்னா உன் பேரப் போட்டு நிறுத்திக்கோ. யாரு நிறுத்துனதுன்னு மேல கேட்டா உன்னத்தான் காட்டுவேன். உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் எங்கிட்டதான் கீது, தெரியுமில்ல?"

5

முடிவு அ: அவள் தன் பெயரைப் போடுகிறாள். லைன் நிற்கிறது. கை தப்புகிறது, வேலை போகிறது. [எழுத எனக்குச் சுகமாக இருக்கிறது. வேலை போவது எனக்கில்லையே.]

முடிவு ஆ: அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். திங்கள் காலை ஆறு பத்துக்குக் கிளியம்மாளின் வலது கை—

[மாட்டேன்.]

முடிவு இ: ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேட்டில் கோதண்டமே டூல்ஸ் பையோடு வந்து நிற்கிறார். [ஆபீஸ் மொத்தமும் இந்த முடிவைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது.]

6

முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம் என்று எழுதப் போனேன். கை வரவில்லை. பொறுப்பு என்ற கட்டத்தில் 'வாசகர்' என்று போடுவதற்கும் 'கோதண்டம்' என்று போடுவதற்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை.

ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தில் புனைகிறவர்களில் நானும் ஒருவன். கேன்டீனில் பக்கத்து மேசையில் இருந்தவன் நான்தான். மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பதினேழாம் வரிசையில் அந்தப் பெயரைத் தட்டியவனும் நான்தான். என் வேலை நிரந்தரமாகிப் பதினான்கு வருடமாகிறது.

இன்று ஞாயிறு. மதியம் இரண்டு மணிக்குக் கவிப்பிரியாவிடமிருந்து மெசேஜ் வந்தது:

"சார், 17ல கோதண்டம் பேர எடுத்துட்டேன். இப்ப கட்டம் செவப்பா இருக்கு. நாம ரெண்டு பேரும் சேந்து லைன நிறுத்தலாமா? உங்க பேரும் போடட்டுமா?"

இப்போது மணி ஐந்தரை. பதில் போடாமல் உட்கார்ந்து எழுதியதுதான் இந்தக் கதை.