நங்கூரம் உழுத சால்

மீன்கள் கரையை விட்டு விலகிய ஆண்டில் அந்தக் குடியிருப்பு முதன்முறையாக எழுந்து நடந்தது. உப்பு விலை ஏறியதும் அதே ஆண்டுதான். மக்கள் அதைப் பற்றியே மிகுதியாகப் பேசினார்கள். வீடுகள் மணலிலிருந்து தம் அடித்தளத்தை மெல்ல உருவிக்கொண்டு, கிணற்றையும் உடனழைத்து, மீன் சென்ற வடதிசையில் நகர்ந்து அடுத்த வளைகுடாவில் அமர்ந்தன. பின்னர் மீன் பெயரும்போதெல்லாம் ஊரும் பெயர்ந்தது. கிணற்று நீர் முதல்நாள் மட்டும் சற்றே கலங்கும், வேறு குறையில்லை. எந்த வீடும் வழிதவறாதிருக்கக் கூரைக்குக் கூரை கயிறு பிணைத்தார்கள். வாசல்தோறும் ஒரு நங்கூரம் புதைத்து, புறப்படும்போது மட்டும் தூக்கினார்கள். பெண் கொடுக்க வருவோர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் வீட்டு நங்கூரத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

வலை பின்னுகிற ஒருத்தியின் கணவன் கடலுக்குள் இருந்த அன்று பெருங்காற்று எழுந்தது. மற்றப் படகுகள் மீண்டன. அவனது படகு மீளவில்லை. அதன் பலகை ஒன்றுகூடக் கரையொதுங்காமையால் அழவும் வழியற்று, அவள் வாசலுக்கும் அலைவிளிம்புக்குமாக நடந்தாள். அந்நிலையில்தான் மீன் பெயர்ந்தது. எல்லா வாசலிலும் நங்கூரம் எழுந்தது. அவள் வாசலில் எழவில்லை. அந்த ஒரு வீடு பிடித்து இழுக்க, கயிற்றால் பிணைந்த ஊர் முழுவதும் வடக்கே சாய்ந்து நின்று முனகியது. பானைகளில் நீர் ஒருபுறமாகச் சரிந்து நின்றது; உறங்குவோர் உருண்டு சுவரோரம் சேர்ந்தனர்; தொட்டில்கள் ஆட்டுவாரின்றி ஆடின. வலைகள் வெறுமையாய் வந்தன. கணவனின் தம்பி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, நங்கூரத்தைத் தூக்குங்க. புள்ளைங்க பசியில கிடக்குது."

"உங்க அண்ணன் வந்து எங்கன்னு தேடுவார்? புறப்பட்ட இடத்துக்குத்தானே மனுஷன் திரும்புவார்."

"அவருக்குத் தெரியாத கரையா? கண்டுபிடிச்சிடுவார்."

"யாரு, அவரா? தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டே துண்டைத் தேடுற ஆளு!"

தம்பி சிரிப்பை இருமலால் மறைத்தான். அண்டை வீட்டுக் குழந்தை பசியால் அழும் குரல் சாய்ந்த சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் நெடுநேரம் அதைக் கேட்டாள். பிறகு வலையறுக்கும் கத்தியுடன் கூரையேறி, நங்கூரத்தைத் தொடாமல், ஊரோடு பிணைத்த கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தாள். விடுபட்ட ஊர் விடைபெறவும் நேரமின்றி ஓடியது. நகரும் வாசலில் நின்று "அண்ணி! அண்ணி!" என்று கூவிய தம்பியை மணல்மேடு மறைத்தது.

அடுத்த வளைகுடாவில் அண்ணன் இருந்தான். காற்று அவனை அங்கே ஒதுக்கியிருந்தது. பாய்மரம் முறிந்த படகைக் கவிழ்த்து, ஊர் எப்படியும் இங்குதானே வரும் என்று அதன் நிழலில் காத்திருந்தான். வீடுகள் ஒவ்வொன்றாய் அமர்ந்தன. தன் வீட்டுக்குரிய இடம் வெறும் மணலாய்க் கிடப்பதைக் கண்டான்.

"என் வீடு எங்கடா?"

"உங்களுக்காகத்தான் அண்ணே அங்கயே நிக்குது."

அவன் அப்போதே புறப்பட்டான். அவள் வேறு வழியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் வர, திரும்பி வந்து அந்த வெற்றிடத்தில் அமர்ந்தான், எழுந்தான், மீண்டும் அமர்ந்தான். வலைகள் நிறைந்து வந்தன. அவனுக்கு உணவு இறங்கவில்லை. அவனது தவிப்பைக் காணப் பொறாமல் தம்பியே சேதி சொல்லப் புறப்பட்ட காலையில், மணல்மேட்டின் மீது அவ்வீடு தோன்றியது. தூக்கப்படாத நங்கூரம் பின்னால் நிலத்தை ஆழ உழுதுவர, அவள் வாசலில் நின்று சுவரை அடித்து, "நில்லு! நில்லுன்னா கேக்குறியா?" என்று வீட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிடத்தில் இருந்தவனைக் கண்டதும் அவள் கை நின்றது.

"இங்கதான் உக்காந்திருந்தீங்களா?"

"ஊரு எங்க வரும்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க எங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியலையே."

அவன் கயிற்றைக் கூரைமேல் வீசினான். வீடு சற்றே கோணலாக அமர்ந்தது.

அதன்பின் ஊர் பெயரும்போதெல்லாம் மற்றவர்கள் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். அவள் தூக்குவதில்லை, தூக்கச் சொல்வாரும் இல்லை. அது உழுத சாலில் கடல்நீர் புகுந்து உப்பங்கழியாகிறது. பின்தங்கிய படகுகள் அதன் வழியே ஊர் வந்து சேர்கின்றன.