மருந்து குடிக்கும் நேரம்

எங்கள் பழைய வேட்டை வீடியோ கேமின் புதுப் பாகத்தை வாங்கிவிட்டதாக உகாய் செய்தி அனுப்பியபோது நான் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். அடுத்த நோயாளியின் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டேன். ஞாயிறு மதியம் அவன் வடக்கே செண்டாய் நகரத்திலிருந்து வருவான், நான் ஒகயாமாவிலிருந்து. வருவான் என்றால் நேரில் இல்லை, திரைக்குள்தான்.

கல்லூரி நாட்களில் அது நடக்காது. அப்போது ஆடியது கையடக்க விளையாட்டுக் கருவியில். இரண்டு கருவிகளும் பக்கத்தில் இருந்தால்தான் ஒரே காட்டுக்குள் இறங்கி அரக்க மிருகங்களை வேட்டையாட முடியும். ஸ்டேஷன் எதிரே இருந்த உணவகத்தில் மெலன் சோடாவும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் சொல்லிவிட்டு, சாயங்காலம் முழுக்க ஒட்டி உட்கார்ந்திருப்போம். பொத்தானில் எண்ணெய் படக்கூடாதென்று வறுவலைக் குச்சியால் எடுத்துத் தின்போம். பரிமாறும் பெண்கள் எங்களைக் காதலர்கள் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், உகாயிடம் மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார விளையாட்டே ஒரு காரணம் கொடுத்திருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அவனுக்கு வடக்கே வேலை கிடைத்தது.

விளையாட்டும் பாகம் பாகமாக மாறியது. முன்பு மிருகம் தப்பி ஓடினால் தொலைந்துவிடாமல் இருக்கச் சாயப் பந்தை வீசி அடையாளம் வைப்போம். இப்போது நாம் ஏறிப் போகும் பறவையே அதனிடம் கொண்டுபோய் விடுகிறது. கூட ஆட உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் வருகிறார்கள், வேட்டை முடிந்ததும் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லாம் வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழைய தொல்லைகளுக்காக என் மனம் ஏங்கியது.

உயிர் குறைந்தால் மருந்து குடிப்பது அவற்றில் ஒன்று. அந்தக் காலத்தில் மருந்தைக் குடித்ததும் திரையில் நம் வேடன் இரண்டு கைகளையும் மடக்கி, பயில்வான் மாதிரி தசையைக் காட்டி நிற்பான். அது முடியும்வரை நகர முடியாது. மிருகம் அதற்கென்றே காத்திருக்கும். அதனால் நான் மருந்தை எடுத்தால் உகாய் ஓடிவந்து பெரிய வாளைக் குறுக்கே பிடித்து முன்னால் நிற்பான்.

ஞாயிறன்று ஹெட்போனில் அவன் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. முதலில் உணவகத்தைத்தான் விசாரித்தான். இடித்துவிட்டார்கள், மருந்துக்கடை வந்துவிட்டது என்றேன். வேட்டை தொடங்கியதும் பழைய உகாய் வந்துவிட்டான்.

"ஏய் மகினோ, இன்னும் வால் பக்கமாவே பதுங்குறியா?"

"நீ மட்டும் என்ன, போன உடனே அடி வாங்குற."

என் உயிர் பாதியாகக் குறைந்தது. ஓடிக்கொண்டே மருந்தைக் குடித்தேன். எங்கிருந்தோ உகாய் பாய்ந்து வந்து எனக்கு முன்னால் நின்றான், வாள் குறுக்கே. நாங்கள் வேட்டையாடிய டிராகன் பின்பக்கமாகச் சுழன்று அவனை அடித்து வீழ்த்தியது. விளையாட்டில் வரும் உதவிப் பூனைகள் அவனைக் கைவண்டியில் அள்ளிக்கொண்டு போய் முகாமில் கொட்டின. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உகாய், இப்பல்லாம் ஓடிக்கிட்டே குடிக்கலாம். யாரும் காவல் நிக்க வேணாம்."

அந்தப் பக்கம் டம்ளரில் ஐஸ் கட்டிகள் அசையும் சத்தம் கேட்டது.

"தெரியும். நான் எல்லாப் பாகமும் ஆடியிருக்கேன்."

பறவை மேல் அவன் திரும்பி வருவது தூரத்தில் தெரிந்தது. என் உயிர் முழுசாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு மருந்தை எடுத்தேன். ஓடுவதற்கான விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, திறந்த வெளியில் அசையாமல் நின்று குடித்தேன். டிராகன் என் பக்கம் திரும்பியது. உகாய் பறவையிலிருந்து குதித்து, என் முன்னால் வந்து வாளைக் குறுக்கே பிடித்தான்.