இழுத்துப் பொருத்திய படம்

ஸாஜித்தின் மூளையில் இருந்த கட்டி நான்கு மாதத்தில் வளரவில்லை என்று சொன்னவன் நான். சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் டாக்டர் அல்ல. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறவன். பழைய படத்தையும் புதிய படத்தையும் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி வைப்பேன். டாக்டர் பிறகு பார்ப்பார்.

கட்டி அப்படியே இருந்தால் கொழும்பில் வெட்டி எடுப்பார்கள். வளர்ந்திருந்தால் தொடமாட்டார்கள். இது ஸாஜித்தின் மனைவி றபீக்காவுக்கும் தெரியும். வியாழக்கிழமை காலை நான் வேலை முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"தம்பி, கூடிரிச்சா?"

"சனிக்கிழம டாக்டர் சொல்லுவார் ராத்தா."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யிற? மனிசன் கட்டார்ல இருந்து வந்து செவரப் பாத்துக்கிட்டு இரிக்காரு. ஒருக்காக் காட்டுங்களன்."

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். இரண்டு படத்துக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் மென்பொருள் அதைச் சிவப்பாகக் காட்டும். கட்டியின்மேல் கட்டி அச்சாகப் பொருந்தியிருந்தது. சிவப்பே இல்லை.

"கூடல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்." திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கோப்புகளை மூடும்போதுதான் கவனித்தேன். பொருத்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று படத்தைத் திருப்பும், நகர்த்தும். உருவத்தில் கை வைக்காது. தலைக்கு அதுதான். மற்றது ஈரச் சாரத் துணியை இழுப்பதுபோலப் படத்தை இழுத்தும் சுருக்கியும் பழையதோடு ஒட்டவைக்கும். மூச்சோடு அசைகிற ஈரலுக்கு அது. புதன்கிழமை இரவு வரிசையாக ஆறு ஈரல் செய்துவிட்டு, ஏழாவதாக ஸாஜித்தின் தலையையும் அதே வழியில் ஓடவிட்டிருந்தேன். வளர்ந்த கட்டியை மென்பொருள் பழைய அளவுக்கு நசுக்கிக் கொடுத்திருந்தது.

சரியான வழியில் மறுபடி ஓடவிட்டேன். கட்டியைச் சுற்றித் தடித்த சிவப்பு. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்தப் படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்தான்குடியில் ஸாஜித்தின் வீட்டுக்குப் போனேன். ஜும்மாத் தொழுகை முடிந்திருந்தது. வளவில் நேர்ச்சைச் சோறு. பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றி ஆட்கள் குந்தியிருந்தார்கள். றபீக்காவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நேத்து சிவப்பே இல்லெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"பிழை விட்டுட்டன் ராத்தா."

"மெஷின் விட்ட பிழையா?"

"நான் விட்ட பிழை."

கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். "ஊருக்கே சொல்லிட்டன். நாளைக்கு டாக்குத்தர் சொல்லட்டும். இண்டைக்கு அந்த மனிசன் வகுறு நிறையத் திண்ணட்டும்."

ஸாஜித் கதிரையிலிருந்து என்னைக் கண்டுவிட்டார்.

"ஆ, நம்மட படக்காரத் தம்பி! வாங்க. என்ட மண்டைக்குள்ள ஒண்டுமே இல்லெண்டுதான் வாப்பா ஏசுவாரு. இரிக்கெண்டு காட்டின ஆள் நீங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். றபீக்கா படம் பிடித்த போனை நீட்டினார். "இதுல எது அது?"

தொட்டுக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? கூடல்லதானே?"

அவருக்குப் பின்னால் றபீக்கா நின்றார்.

"ஓம் நானா. கூடல்ல."

சனிக்கிழமை காலை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றேன். டாக்டருக்கு மூன்று நிமிடம் போதுமாயிருந்தது. வெட்ட முடியாது. றபீக்கா ஆட்டோ பிடிக்க வெளியே போனார். ஸாஜித் சுவரைப் பிடித்துப் பிடித்து என் மேசைக்கு வந்தார்.

"நேத்து தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"ஓம்."

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரியாது."

வாசலில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த றபீக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய்யும் நல்லாத்தான் பொருத்துறீங்க தம்பி" என்றார். வெளியே ஆட்டோ வந்து நின்றது. அவர் ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.