சங்கிலித் தெருவில் சங்கிலி இல்லாத நாட்கள்

"ஹாரனை அமுக்குலே! கையில என்ன வாதமா?"

"அமுக்க மாட்டேன்."

"மாடு நிக்கி, மனுசன் நிக்கான், சைக்கிள்காரன் குறுக்க வாரான். ஹாரன் அடிக்காம வண்டி எப்படி நகரும்?"

"பாத்துக்கிட்டே நகரும்."

"யாரைப் பாத்துக்கிட்டு?"

சிலுவைக்குக் காது மட்டும் சிவந்தது. அவன் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறவன். உப்பளத்தில் ஏற்றும் மூட்டைகளைப் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவான். பக்கத்தில் உட்கார்ந்து கத்தியவர் கிளீனர் ஜேசுபாதம். அவனைவிடப் பத்து வயது மூத்தவர். லைசென்ஸ் எடுக்காமலேயே எல்லா வண்டியையும் வாயால் ஓட்டுகிறவர்.

லாரி ஊர்ந்துகொண்டிருந்த இடம் சங்கிலித் தெரு. இரண்டு பக்கமும் உயரமான நடைபாதைக் கல், கல்லின்மேல் இரும்புக் கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் சங்கிலி என்று இருந்த தெரு அது. அப்போதெல்லாம் லாரிகள் அங்கே பறக்கும். சங்கிலிக்கு அந்தப்பக்கம் நிற்கிற ஜனம் சுவரொட்டியில் இருக்கிற படம் மாதிரி, யார் பார்த்தார்கள்?

ஆகஸ்டில் மாதா சப்பரம் போக அகலம் போதவில்லை என்று கல், கம்பம், சங்கிலி எல்லாவற்றையும் பெயர்த்தார்கள். சப்பரம் போய்விட்டது. கல் திரும்பி வரவில்லை. தெரு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே தளமாக, கல்யாண வீட்டு முற்றம் மாதிரி கிடந்தது. எது நடக்கிற இடம், எது ஓட்டுகிற இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்த ஆறு ஓடப்போகிறது என்றார்கள்.

ஒரு கோழிகூடச் சாகவில்லை. யார் எங்கிருந்து வருவார்களோ என்ற பயத்தில் டிரைவர்கள் இரண்டாம் கியருக்கு இறங்கினார்கள். இறங்கியபின் வேறு வழியில்லாமல் ஆட்களின் முகத்தைப் பார்த்தார்கள். மாட்டுவண்டிக்காரர் தாடையை அசைத்தால் 'நீ போ' என்று அர்த்தம். சைக்கிள்காரன் புருவத்தைத் தூக்கினால் 'நான் போகட்டா?' முதல் நாள் சிலுவைக்குச் சட்டை நனைந்தது. நாலாம் நாள் ஒரே ஆச்சரியம். இந்த ஊரில் இத்தனை முகங்களா! இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள் இவற்றையெல்லாம்?

அந்த முகங்களுக்கு நடுவில்தான் பிரகாசி வந்தாள்.

தேவபிரசாதம் ரொட்டிக்கடைக்கு அடுப்பு தெருவின் கிழக்கே, கடை மேற்கே. சங்கிலி இருந்தவரை, அங்கே வேலை பார்க்கும் பிரகாசி முந்திரி மக்ரூன் தட்டைத் தலையில் வைத்துத் தெரு முக்குவரை சுற்றிப் போனாள். இப்போது நேராகக் குறுக்கே வந்தாள். தகரத் தட்டு நிறைய, ஊதினால் பறந்துவிடுகிற மக்ரூன். இரண்டு கையும் தட்டைப் பிடித்திருக்கும். கை காட்ட முடியாது, தலையைத் திருப்ப முடியாது. அவளிடம் மிச்சம் இருந்தது கண் மட்டும்தான். வலப்பக்கக் கடைக்கண்ணால் லாரியைப் பார்த்து, 'வரட்டுமா?' என்று கேட்பாள். சிலுவை பிரேக்கை மிதிப்பான். 'வாங்க.' அவ்வளவுதான் பேச்சு. அதற்கே துறைமுகம்வரை பாட்டுப் பாடிக்கொண்டு போவான். ஹாரன் அடித்தால் அவள் திடுக்கிடுவாள். மக்ரூன் தெருவில் உருளும். அவன் எப்படி அடிப்பான்?

"கேட்டுக்கோ," என்றார் ஜேசுபாதம். "முனிசிபாலிட்டி ஓவர்சியர் சிவனணைந்தபெருமாள் முக்குல குடையோட நிக்கார். இன்னைக்குத் தெருவுல சிக்கல் ஏதும் கண்டார்னா திங்கக்கிழமை பழையபடி கல்லும் சங்கிலியும் வந்துருமாம்."

சிலுவை மனசுக்குள் கணக்குப் போட்டான். சங்கிலி வந்தால் அவள் முக்கைச் சுற்றிப் போவாள். இவன் மூன்றாம் கியரில் பறப்பான். அவ்வளவுதான், முடிந்தது.

அப்போதுதான் தட்டு தெரிந்தது. கண் கேட்டது: 'வரட்டுமா?'

'வாங்க,' என்றது இவன் கண்.

அவள் உப்பு மூட்டைகளைப் பார்த்தாள். பாரவண்டி, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, நின்றுவிட்டாள். 'நீங்க போங்க.'

'இல்லை, நீங்க.'

'ஐயோ, நீங்க.'

எதிரே வந்த டவுன் பஸ், லாரி நிற்பதைப் பார்த்து நின்றது. பஸ் டிரைவர் மாட்டுவண்டிக்கு வழிவிட்டார். வண்டிக்காரர் மீன்கூடைக்காரிக்காக மாட்டை இழுத்துப் பிடித்தார். அவள் சைக்கிள்காரனைப் போகச் சொன்னாள். சைக்கிள்காரன் காலை ஊன்றி ஓர் ஆட்டுக்கு வழிவிட்டான். ஆடு யோசித்தது.

"நீங்க போங்க அண்ணாச்சி!"

"அட, நீங்க போங்கம்மா!"

கோபப்பட ஒரு ஆள் இல்லை. நகர ஒரு வண்டியும் இல்லை. மரியாதையிலேயே தெரு அடைத்துக்கொண்டது.

குடையை மடக்கிக்கொண்டு ஓவர்சியர் ஓடிவந்தார். "இதுக்குத்தான்வே சங்கிலி வேணும்ங்கது! திங்கக்கிழமை கம்பம் நடுதேன், பாரும்!"

சிலுவை இன்ஜினை நிறுத்தினான். கதவைத் திறந்தான்.

"ஏலே, எங்கலே இறங்குத? வண்டியை யாரு எடுப்பா?"

"நீங்கதான் வாயாலயே ஓட்டுவீங்களே, அண்ணே."

தரையில் கால் வைத்தபோது தெரு மெதுவாகச் சுற்றுவதுபோல் இருந்தது. இத்தனை நாளும் லாரி உயரத்திலிருந்து பார்த்த முகம் இப்போது நேருக்கு நேர் இருந்தது. மூக்கு நுனியில் மாவு. கன்னத்தில் அடுப்புச் சூடு. முந்திரியும் சீனியும் கலந்த வாசம். இவனைச் சுற்றி ஊரே நின்றது. ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"வண்டி கெட்டுப்போச்சா?" என்றாள் பிரகாசி, உதட்டை மட்டும் அசைத்து.

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன? சீக்கிரம் சொல்லுங்க, கழுத்து வலிக்கி." அவள் சிரிப்பை அடக்கியதில் தட்டு நடுங்கியது.

"சொல்லித் தொலைலே!" என்று லாரியிலிருந்து ஜேசுபாதம் கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டினார்கள். ஓவர்சியர் பேச வந்ததை மறந்து நின்றார்.

சிலுவை இரண்டு கையையும் தூக்கி, தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க அம்மையைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரலாம்னு இருக்கேன். தலையாட்டிராதீங்க, தட்டு சாஞ்சிரும். சரின்னா, கண்ணை மட்டும் ஒருக்கா மூடித் தொறங்க."